பிந்திப் பிரேக் பிடித்தால் முந்தலாமா?

வாசகர் கேள்வி: நான் கிளிநொச்சி, வயது 25. போன வருடம் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று வாங்கினேன், மனுவல் கியர். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த கார்ப் பந்தய ஓடுபாதைக்கு மூன்று தரம் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டேன். என் நண்பனிடமும் அதே கார்தான் இருக்கிறது. ஆனால் சராசரியாகச் சுற்றுக்கு நான்கு செக்கன் என்னை முந்துகிறான். நேர்ப்பாதை முடிவில் நான்தான் அவனைவிடப் பிந்திப் பிரேக் அடிக்கிறேன், அப்படியிருந்தும் அவன்தான் முன்னுக்கு. ஒரே நாளில் என் நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் ஐந்து செக்கன் வித்தியாசம் வருகிறது. அகலமான ரயர், கட்டையான ஸ்பிரிங், எஞ்சின் ரீமேப் (எஞ்சின் கம்பியூட்டரை மாற்றியமைப்பது) இந்த மூன்றில் எதை முதலில் செய்யலாம்? இப்போதைக்கு இரவில் ஏ-9 வீதியில் ஓடிப் பழகுகிறேன். இரணைமடு ஓடுதளத்தில் ஓட வழி இருக்கிறதா? இன்னொன்று, நான் போட்டிக் கார் ஓட்டுவது அம்மாவுக்குத் தெரியாது.

பதில்:

தம்பி, உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே கடிதத்தின் நடுவில் எழுதிவிட்டு, அதைத் தாண்டி ரயருக்கும் ஸ்பிரிங்குக்கும் போய்விட்டீர்கள். நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் ஐந்து செக்கன் வித்தியாசம் என்கிறீர்கள். அன்றைக்குக் காரில் எஞ்சினும் அதேதான், ரயரும் அதேதான். அந்த ஐந்து செக்கனும் ஸ்டியரிங்குக்கும் சீற்றுக்கும் நடுவில் இருக்கிற ஆளிடம்தான் வந்து போயிருக்கிறது. உங்கள் நல்ல சுற்றையே ஒவ்வொரு சுற்றிலும் ஓடப் பழகினால் நண்பனோடு இருக்கிற இடைவெளியில் பெரும்பகுதி காசு செலவில்லாமலே போய்விடும். ஆகவே பர்ஸை மூடிவையுங்கள். கராஜ் வைத்திருக்கிற நானே இதைச் சொல்கிறேன்.

பிந்திப் பிரேக் அடிக்கிற கதைக்கு முதலில் வருவோம். புதிதாக ஓட வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இருக்கிற நோய் இது. எனக்கும் இருந்தது.

நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 120 கிலோமீற்றரில் வருகிறீர்கள், முடக்குக்குள் 60இல் போகவேண்டும் என்று வையுங்கள். பிரேக் பிடிக்கிற இடத்தை 5 மீற்றர் தள்ளிப்போட்டால் என்ன இலாபம்? 60இல் கடக்கவேண்டிய 5 மீற்றரை 120இல் கடக்கிறீர்கள், அவ்வளவுதான். 60இல் அதற்கு 0.30 செக்கன், 120இல் 0.15 செக்கன். ஆக இலாபம் 0.15 செக்கன். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அதே முடக்கிலிருந்து 60க்குப் பதிலாக 65இல் வெளியே வருகிறீர்கள், முன்னால் 400 மீற்றர் நேர்ப்பாதை. அந்த 5 கிலோமீற்றர் வேகம் போகப்போகத் தேயும், கடைசியில் பாதிதான் மிஞ்சும். சராசரியில் 3 கிலோமீற்றர் கூடியதாக வைப்போம். முந்திச் சராசரி 96இல் ஓடியிருந்தால் அந்த 400 மீற்றருக்கு 15 செக்கன் எடுத்திருக்கும். இப்போது 99, அதற்கு ஏறக்குறைய 14.55 செக்கன். இலாபம் 0.45 செக்கன், அங்கே கிடைத்ததைப்போல மூன்று மடங்கு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முடக்கு வாசலில் 0.15 செக்கனுக்கு நீங்கள் அடிபடுகிறீர்கள். உங்கள் நண்பன் முடக்கைவிட்டு வெளியே வருகிற இடத்தில் அலுங்காமல் மூன்று மடங்கு எடுத்துக்கொண்டு போகிறான்.

காருக்குள் நடப்பது இதுதான் என்று என்னால் பார்க்காமலே சொல்லமுடியும். பிந்தி அடித்ததால் வேகம் இன்னும் கூடுதலாக இருக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். முன்சில்லு திரும்பியிருக்கிறது, கார் திரும்பவில்லை, நேரே வழுக்குகிறது. பதற்றத்தில் இன்னும் திருப்புகிறீர்கள், ரயர் கத்துகிறது. கத்துவதால் வேகமாகப் போகிறோம் என்று ஒரு நினைப்பு வேறு. கார் ஒருவழியாக வேகம் இறங்கி உள்ளே திரும்பும்போது முடக்கில் முக்கால்வாசி முடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அக்சிலரேட்டரில் கால் போகிறது. நண்பன் அந்த நேரத்துக்கு எப்போதோ மிதித்துவிட்டான்.

இதில் உங்களை மட்டும் குறைசொல்ல முடியாது. நம்முடைய இடம் அப்படி. ஓமந்தையிலிருந்து பரந்தன்வரை ஏ-9இல் ஓடிப்பாருங்கள், கயிறு பிடித்து அளந்ததுபோல நேராகக் கிடக்கும் வீதி. வன்னியில் கார் பழகினவனுக்கு வலது கால் நன்றாக வளரும், முடக்கு என்றால் என்னவென்று தெரியாது. நுவரெலியாவில் பழகினவனுக்கு அது தானாகவே வந்துவிடும். நமக்குக் கற்றுத்தான் வரவேண்டும்.

சரி, கற்பது எப்படி?

மாங்குளம் சந்தியிலிருந்து உள்வீதியால் மரம் ஏற்றிக்கொண்டு வருகிற லொறி ஒன்று சின்ன ஒழுங்கைக்குள் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். இடதுபக்கம் திரும்பவேண்டும் என்றால் டிரைவர் முதலில் வலதுபக்கம் நன்றாக வெளியே எடுப்பார். பிறகுதான் உள்ளே விடுவார். மூலையை ஒட்டியே திரும்பினால் பின்சில்லு மதவில் ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஓடுபாதையிலும் அதே வேலைதான், காரணம் மட்டும் வேறு. வீதியின் முழு அகலத்தையும் பாவித்தால் முடக்கு விரிகிறது. உள்விளிம்பை ஒட்டிப் போனால் 25 மீற்றர் ஆரையுள்ள வட்டம், வெளியிலிருந்து உள்ளே தொட்டு மறுபடி வெளியே போனால் 36 மீற்றர் ஆரையுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயர் தாங்குகிற வேகம் ஆரையின் வர்க்கமூலத்தோடு கூடும். 25க்கு 5, 36க்கு 6. அதாவது 50இல் போன முடக்கில் 60இல் போகலாம். அதே ரயர், அதே பிடி.

உள்விளிம்பை முன்சில்லு தொடுகிற இடத்தை அபெக்ஸ் என்போம். புதியவர்கள் எல்லாரும் அதைச் சீக்கிரமே தொட்டுவிடுகிறார்கள். முடக்கு கண்ணில் பட்டதுமே கை தானாக உள்ளே இழுக்கும். அப்படிச் சீக்கிரம் தொட்டால் வெளியே வரும்போது பாதை போதாது, புல்லுக்குள் இறங்கவேண்டும், அல்லது மிதித்த காலை எடுக்கவேண்டும். கொஞ்சம் பொறுங்கள். வெளிவிளிம்பிலேயே இன்னும் ஒரு கார் நீளம் காத்திருந்து, பிறகு திரும்பி, அபெக்ஸைப் பிந்தித் தொடுங்கள். தொடும்போது கார் ஏற்கனவே வெளிவாசலைப் பார்த்து நிற்கவேண்டும். அந்த இடத்திலிருந்து ஸ்டியரிங்கைத் தளர்த்தத் தளர்த்த அக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போகலாம். நீங்கள் சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மிதிக்கத் தொடங்கியபிறகு முடக்கு முடியுமுன் ஒரு தரமாவது காலை எடுக்கவேண்டி வந்ததா? வந்தால் மிதித்தது சீக்கிரம், அல்லது திரும்பியது சீக்கிரம்.

எல்லா முடக்கையும் ஒரே மரியாதையோடு பார்க்கவும் வேண்டாம். எந்த முடக்குக்குப் பிறகு நீண்ட நேர்ப்பாதை வருகிறதோ, அதுதான் பெரிய முடக்கு. ஒரு நாள் முழுக்க அதை மட்டும் திருத்தினாலும் போதும். மற்றவை காத்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முடக்கு ஒட்டி வந்தால் முதலாவதைத் தியாகம் செய்து இரண்டாவதை நன்றாக எடுங்கள்.

பிரேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் எங்கே அடிப்பது என்றுதான் கேட்கிறார்கள், எப்படி விடுவது என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் குளங்கள் வற்றினால் ஊருக்குள் ரக்ரரில் தண்ணீர் பவுசர் வருமே. பாதி நிரம்பின பவுசரைச் சடக்கென்று நிறுத்தினால் என்ன ஆகும்? தண்ணீர் எல்லாம் முன்னுக்கு வந்து மோதும், பிறகு பின்னுக்குப் போய் மோதும், ரக்ரரே இரண்டு தரம் குலுங்கும். பழகின ரக்ரர்காரர் அப்படி நிறுத்தமாட்டார். உங்கள் கார் பாதி நிரம்பின பவுசர் என்று நினையுங்கள். பிரேக் மிதித்தால் பாரம் முன்சில்லுக்கு வருகிறது, முன்ரயர் வீதியை நன்றாகப் பிடிக்கிறது. உங்கள் சிவிக்கில் இழுப்பதும் முன்சில்லு, திரும்புவதும் முன்சில்லு. அந்தப் பாரம் அங்கே இருக்கும்போதே திரும்பத் தொடங்கவேண்டும். நீங்கள் காலை ஒரேயடியாக எடுத்தால் பாரம் பின்னுக்கு ஓடிவிடும், முன்சில்லு இலேசாகிவிடும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் கேட்காது.

ஆகவே முதலில் பலமாக மிதிக்கவேண்டும், பிறகு தளர்த்திக்கொண்டே வரவேண்டும். நம்மவர்கள் செய்வது தலைகீழாக. வீதியில் பழகின கால் முதலில் மெல்லத் தொடும், முடக்கு கிட்ட வரவரப் பயந்து அழுத்தும். ஓடுபாதையில் நேராக ஓடும்போதே முதல் மிதியில் பெரும்பகுதி வேகத்தையும் இறக்கிவிடுங்கள். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப, பிரேக்கிலிருந்து கால் அதே அளவில் மெல்ல மெல்ல எழும்பவேண்டும். ரயரின் கையில் நூறு ரூபாதான் இருக்கிறது. பிரேக்குக்கு நூறையும் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு இன்னொரு ஐம்பது கேட்டால் எங்கே போகும்? பிரேக்குக்குக் கொடுத்ததைக் குறைத்துத்தான் திரும்புவதற்குக் கொடுக்கமுடியும்.

இதைப் பழகும்வரை, இப்போது அடிக்கிற இடத்துக்குப் பத்து மீற்றர் முன்னாலேயே பிரேக் பிடியுங்கள். வெட்கமாக இருக்கும், நண்பன் சிரிப்பான். பரவாயில்லை. பத்து மீற்றர் முந்திப் பிடித்தால் முடக்குக்குள் போகும்போது யோசிக்க நேரம் கிடைக்கும். அபெக்ஸ் கண்ணுக்குத் தெரியும், கால் அக்சிலரேட்டருக்கு நேரத்தோடு போகும். அப்படி நன்றாக வெளியே வரத் தொடங்கிய பிறகு, ஒரு தரத்துக்கு ஒரு மீற்றராக முடக்கை நோக்கித் தள்ளிப்போங்கள். பிரேக் பிடிக்கிற இடத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள். பலகை, ரயர் அடுக்கு, தாரில் ஒட்டுப்போட்ட இடம் என்று நகராத பொருளாக இருக்கட்டும். ஒருவர் மர நிழலை அடையாளம் வைத்துக்கொண்டு காலையில் நன்றாக ஓடினார். மத்தியானம் நிழல் நகர்ந்துவிட்டது, அவரும் புல்லுக்குள் நகர்ந்துவிட்டார்.

ஒரு விடயத்தை மட்டும் மனதில் எழுதிவையுங்கள். முடக்குக்குள் வேகம் கூடிப்போய்விட்டது என்று பயந்து அக்சிலரேட்டரை ஒரேயடியாக விடாதீர்கள். முன்சில்லு இழுக்கிற காரில் பாரம் சட்டென்று முன்னுக்கு வர, பின்பக்கம் இலேசாகிச் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும். இலேசாகத் தளர்த்துங்கள், ஸ்டியரிங்கையும் கொஞ்சம் விரியுங்கள், கண்ணைப் போகவேண்டிய இடத்தில் வையுங்கள். பாதையைவிட்டுக் கார் இறங்கத்தான் போகிறது என்றால் ஸ்டியரிங்கை நேராக்கி நேரே இறக்குங்கள். இழுத்துத் திருப்பித் திரும்ப ஏறப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் கவிழ்வது.

கண்ணைப்பற்றிச் சொன்னேன். ஏ-9இல் எந்த வேகத்திலும் பழகக்கூடிய ஒரேயொரு போட்டிப் பாடம் அதுதான். கார் ஓட்டுபவர் பார்க்கிற இடத்துக்குத்தான் கார் போகும். குழியைப் பார்த்தால் குழிக்குள் போகும், சைக்கிள்காரரும் அப்படித்தான். புதியவர்கள் பொனற்றுக்கு முன்னால் இருபது மீற்றரைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே கண் அபெக்ஸுக்குப் போகவேண்டும், அபெக்ஸை நெருங்கும்போது வெளிவாசலுக்குப் போகவேண்டும். தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும், வெறும் கண்முழி போதாது. நாளைக்குப் பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு வீதியில் 60இல் போகும்போது, எவ்வளவு தூரத்தில் மாடு நிற்கிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது, எதிரே வருகிற லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். இரண்டு கிழமையில் கண் தானாகத் தூரம் போகும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் அகதியாகச் சென்னைக்குப் போய் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்தேன். இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதை கிட்டத்தில் இருந்தது. 1990இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீற்றர். முதலாளி தன் காரில் ஒரு நாள் ஓட விட்டார். நானும் உங்களைப்போலத்தான், நேர்ப்பாதையில் புலி, முடக்கில் பூனை. பக்கத்தில் பயிற்சிகாரர் ஒருவர் ஏறினார். கறுப்பு ரேப்பை எடுத்து ஸ்பீடோ மீற்றரின் மேலே ஒட்டினார். "மூன்றாம் கியரைப் போடு. அரை மணித்தியாலத்துக்குக் கியர் லீவரைத் தொடக்கூடாது. பிரேக்கையும் முடிந்தால் தொடாதே" என்றார். எனக்குக் கோபம். மூன்றாம் கியரில் ஓட நான் என்ன ஓட்டோவா வைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிரேக் இல்லாததால் நேர்ப்பாதையில் முழுவதும் மிதிக்க முடியவில்லை, முன்கூட்டியே காலைத் தளர்த்தவேண்டியிருந்தது. வேகத்தை ஒருமுறை விட்டுவிட்டால் அந்தக் கியரில் திரும்பி எடுக்க முடியாது. ஆகவே முடக்கில் வேகத்தை வீணாக்காமல் கொண்டுபோக வழி தேடினேன். அகலத்தைப் பாவித்தேன், பொறுத்துத் திரும்பினேன். பதினைந்தாவது நிமிடத்தில் கார் அமைதியாகிவிட்டது. ரயர் கத்தவில்லை, கை அதிகம் ஆடவில்லை. மெதுவாக ஓடுகிறேன் என்றே நினைத்தேன். இறங்கினதும் நேரத்தைக் காட்டினார். எல்லாக் கியரும் எல்லாப் பிரேக்கும் பாவித்து ஓடின என் காலைச் சுற்றைவிட இரண்டு செக்கன் குறைவு.

அடுத்த பயிற்சியில் முதல் ஓட்டத்தை இப்படியே செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் வேகமாக வருகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாத குழுவில் போடச்சொல்லி முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய நாளை எப்படிக் கழிப்பது என்பதும் முக்கியம். முந்தின நாள் பின்னேரம் போய்ச் சேர முடிந்தால், அனுமதி கேட்டு ஓடுபாதையைக் காலால் நடந்து பாருங்கள். கட்டுக்குருந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியக் கடற்படை விமானத்தளம். தட்டையான நிலம், மேடுபள்ளத்தை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது. தார் எங்கே மாறுகிறது, எங்கே மண் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் நடக்கும்போதுதான் தெரியும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரே ஒரு வேலை வையுங்கள். இந்த ஓட்டத்தில் பெரிய முடக்கின் அபெக்ஸ் மட்டும், அடுத்ததில் பிரேக்கை விடுவது மட்டும் என்று. ஓடி முடிந்ததும் யாரோடும் கதைக்குமுன் கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். நேரத்தை ஃபோனோ நண்பனோ எடுக்கட்டும், ஓடும்போது நீங்கள் பார்க்கவேண்டாம். மிகக் குறைந்த நேரம் எது என்று தேடாதீர்கள். தொடர்ந்து எட்டுச் சுற்று ஒரு செக்கனுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் நீங்கள் மாற்றுகிற எதற்கும் பலன் தெரியும். ஐந்து செக்கன் ஆடுகிற ஆளுக்குப் புது ஸ்பிரிங் போட்டால் அது நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்? களைப்பு வந்தால் நிறுத்துங்கள். கடைசி ஓட்டத்தில், கடைசிச் சுற்றில் போய் முட்டின கார்கள் என் கராஜுக்கு நிறைய வந்திருக்கின்றன.

இனிக் காருக்கு வருகிறேன். ரீமேப் வேண்டாம், கட்டை ஸ்பிரிங்கும் வேண்டாம். அந்த ஸ்பிரிங்கோடு நம்முடைய உள்வீதிகளில் ஓடினால் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற சம்ப் அடிபடும். செலவு செய்யவேண்டுமானால் பிரேக் எண்ணெய்யை மாற்றுங்கள். பழைய எண்ணெய் ஈரம் குடித்திருக்கும், சூடேறினால் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சுபோலக் கீழே போகும். டொட் 4 புதிதாக விட்டு, காற்றை முழுக்க எடுக்கச்சொல்லுங்கள். பெடல் பஞ்சானால் அந்தக் கணமே வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுங்கள். நல்ல பிரேக் பட் ஒரு சோடி போடுங்கள், பழையதை டிக்கியில் வையுங்கள். 350 கிலோமீற்றருக்குமேல் திரும்பி வரவேண்டியது அதே காரில் அல்லவா?

ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நிறைய இருக்கிறது என்று யாராவது பழைய ரயர் விற்றால் முதலில் அதைப் பாருங்கள். காய்ந்த ரயர் பிடிக்காது. ஒரு காற்றுக் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு இப்போது தேவையான ஒரே கருவி அதுதான். ஓடி வந்ததும் சூட்டோடு அளந்தால் காலையில் இருந்ததைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூடியிருப்பது சாதாரணம். எல்லாச் சில்லிலும் எவ்வளவு கூடியது என்று கொப்பியில் எழுதுங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் பாவிக்காமல் ஆறவிட்டு ஓடுங்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹாண்ட் பிரேக்கை இழுக்கவேண்டாம், சூடான பட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

செருப்போடு ஓடவேண்டாம். நம்மூரில் பாதிப்பேர் செருப்போடுதான் ஓட்டுகிறோம், அதுவும் பெடலுக்கு அடியில் மாட்டுகிற செருப்பு. மெல்லிய அடியுள்ள சப்பாத்து ஒன்று போதும். சீற்றை முன்னுக்கு இழுங்கள். முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும், கிளச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். தெற்கே போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் போவதில்லை. வாங்குங்கள், சாப்பிடுங்கள். ஓடுபாதைக்குள் இறங்குமுன் காரில் ஒரு கச்சான் கோதுகூட இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனதை நான் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டினவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரவில் ஏ-9இல் பழகுவதை இன்றோடு நிறுத்துங்கள். சட்டத்தில் ஊருக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50 என்பது ஒருபக்கம். 110இல் கார் செக்கனுக்கு 30 மீற்றர் போகிறது. தாழ்த்திய லைற்றில் தெரிவது ஐம்பது மீற்றர் அளவு. மாட்டைக் கண்டு, மூளை புரிந்து, கால் பிரேக்குக்கு வர ஒன்றரைச் செக்கன் எடுத்தால் 45 மீற்றர் போய்விட்டது. பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது மாடு பொனற்றில் இருக்கும். பின்லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர், நடுவீதியில் படுக்கிற மாடு, அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போட்ட நெல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். நெல்லுக்குமேல் பிரேக் பிடித்தால் குண்டுமணிக்குமேல் நின்றமாதிரி. பலன் என்று பார்த்தாலும் ஒன்றுமில்லை, நேர்வீதியில் வேகமாகப் போக உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இரணைமடு ஓடுதளம் விமானப்படையின் கையில் இருக்கிறது, அந்த எண்ணத்தை விடுங்கள். ஆளில்லாத வெளிக் காணி என்று எங்கேயும் இறங்கவும் வேண்டாம். கண்ணிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் நம் மாவட்டங்களில் இருக்கின்றன. தெரிந்த பாடசாலை மைதானமோ அரிசி ஆலையின் கொங்கிறீற் முற்றமோ அனுமதியோடு கிடைத்தால் எட்டுக் கோன் வைத்து 30, 40இல் வளைந்து வளைந்து ஓடுங்கள். பாரம் எப்படி நகர்கிறது என்பதை அந்த வேகத்திலேயே கற்கலாம், ரயரும் தேயாது.

இன்னொரு வழி கிரவல். அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரோஸ் போட்டி நடக்கிற பாதை கிரவல் பாதை. வவுனியாவிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம்தான். முதலில் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். குளக்கட்டு வீதியிலும் செம்மண் வீதியிலும் மோட்டார் சைக்கிள் ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சில்லு சறுக்கத் தொடங்குவது இடுப்பிலேயே தெரியும். கொழும்புப் பிள்ளைகளிடம் இல்லாத சொத்து அது. தாரில் அந்தச் சறுக்கல் சிறியது, பிந்தித் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கப் போகும்போது தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள், முடக்கின் வெளிப்பக்கத்தில் நிற்கவேண்டாம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் பாதையைவிட்டு வந்த காரில் அடிபட்டு ஏழு பேர் இறந்தார்கள். உங்களைப் பார்க்க வருகிற நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், வீடியோ எடுக்கிறவர்களுக்கு முக்கியமாக.

காப்புறுதிக்காரரிடமும் ஒரு தரம் கேளுங்கள். பெரும்பாலான வாகனக் காப்புறுதிகள் போட்டியோட்டத்தில் நடந்த சேதத்துக்குப் பணம் தருவதில்லை. முட்டினால் உங்கள் கையிலிருந்துதான். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஓடினால் கால் கொஞ்சம் தானாக அடங்கும்.

கடைசியாக அம்மாவின் விடயம். பயிற்சி நாளில் நிரப்பக் கொடுக்கிற படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஓர் இடம் இருக்கும். அங்கே இதுவரை யாருடைய இலக்கத்தை எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும், நண்பனுடையது. அடுத்த முறை அம்மாவின் இலக்கத்தை எழுதுங்கள். எழுதுகிறதுக்கு முதல் கிழமை, ஹெல்மெற்றையும் இந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டுபோய் அவருக்கு முன்னால் வையுங்கள். திட்டு விழும். ஏ-9இல் இரவில் ஓடினதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் கொஞ்சம் விழும், ஆனால் அதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லவும் அதுதான் நல்ல நேரம்.